ஒரே சுடரில் இரண்டு அளவு

பேராசிரியர் வாதத்தில் தோற்று யாரும் பார்த்ததில்லை. தோற்க வேண்டிய இடத்தில்கூடத் தோற்கமாட்டார். எதிரே இருப்பவர் களைத்துப்போய் "சரி விடுங்க சார்" என்று எழுந்து போகும்வரை பிடித்த பிடியை விடமாட்டார். இயந்திரப் பொறியியல் துறையில் முப்பத்தொரு வருடம் எரிதலைப் பற்றிப் பாடம் நடத்தியவர். எது எதனோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும், பற்றிக்கொண்டது ஏன் அணைகிறது, போகிற போக்கில் என்ன நஞ்சைக் காற்றில் விட்டுப்போகிறது என்பதுதான் அவருடைய படிப்பு, பிழைப்பு, சாப்பாட்டு மேஜைப் பேச்சு எல்லாம். மாணவர்கள் அவருக்குக் கொள்ளிவாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். கொள்ளிவாய்ப் பிசாசில் பிசாசை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்புக்கு ஒரு சின்ன பர்னரைத் தூக்கிக்கொண்டு வருவார். விளக்குகளை அணைத்துவிட்டு அதைப் பற்றவைப்பார். நீலச் சுடர் நிற்கும். அடியிலுள்ள காற்றுத் துளையை விரலால் மூடுவார், சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும். "காத்து போதலைன்னா நெருப்புக்குக் கோவம் வருது பாத்தீங்களா? உங்களுக்குப் பசிச்சா வர்ற மாதிரி" என்பார். முன்வரிசை சிரிக்கும். படித்ததை எல்லாம் பரீட்சையோடு தலைமுழுகிவிட்டுப் போனவர்கள்கூட அந்தச் சுடரை மறக்கவில்லை. நல்ல ஆசிரியர்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம் அவர் ஒரு வளைகோடு வரைந்தார். காற்று குறைவாகவும் எரிபொருள் அதிகமாகவும் இருக்கும் சுடரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற நச்சு வாயு எவ்வளவு உண்டாகிறது என்பதற்கான கோடு அது. எரிபொருள் ஏற ஏற வாயு சரசரவென்று குறைகிறது என்று காட்டியது. சுடரின் நடுவில் மெல்லிய ஸ்டீல் குழாய் ஒன்றை நீட்டி, அதன் வழியாக வாயுவை உறிஞ்சி, அளக்கும் கருவிக்கு அனுப்பி, மூன்று வருடம் உட்கார்ந்து அளந்தது. அந்தக் குழாய்க்கு லேபில் ப்ரோப் என்று பெயர். கோடு பாடப்புத்தகத்தில் ஏறியது. கீழே சின்ன எழுத்தில் அவர் பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தக் கோட்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பது அவர் மனைவி பல வருடமாகச் சொல்லிவந்த வசனம்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆன பிறகு லேபைக் காலி செய்து தரச் சொல்லித் துறைத்தலைவர் கேட்டார். புதிதாக வந்த இளைஞருக்கு அந்த அறை வேண்டுமாம். பர்னர் வைக்க அல்ல, கணினிகள் வைக்க. இப்போதெல்லாம் சுடரைக் கணினிக்குள்ளேயே ஏற்றி அதற்குள்ளேயே அணைத்துவிடுகிறார்கள், கையில் கரிகூட ஒட்டுவதில்லை. பேராசிரியர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார். மூன்று நாள் அலமாரிகளைக் குடைந்து, வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் என்று பிரித்தார். வேண்டாதது என்ற பக்கத்தில் கடைசிவரை ஒரு துடைப்பம் மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்த ரெகார்டு நோட்டு கையில் வந்தது. அட்டையில் பெயர் மங்கியிருந்தாலும் கையெழுத்து யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அவரிடம் வந்து, நாலரை வருடம் உழைத்து, பட்டம் வாங்காமல் போன பெண். வாயைத் திறந்தால் "ஒரு சந்தேகம் சார்" என்றுதான் தொடங்குவாள். அதனால் லேபில் எல்லோரும் அவளைச் சந்தேகம் என்றே கூப்பிட்டார்கள். அவர் தேநீர் குடிக்கும்போது வாசலில் நிழல் விழுந்தால், "சந்தேகம் வந்தாச்சு, இனிமே டீ ஆறிடும்" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள்.

அவள் வந்த இரண்டாம் வருடம் தகராறு ஆரம்பித்தது. ஸ்டீல் ப்ரோபுக்குப் பதிலாகக் கண்ணாடி வேலைக்காரரிடம் சொல்லிக் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு ப்ரோப் செய்துகொண்டு வந்தாள். அதில் அளந்தால் வாயு அவருடைய கோட்டை விட அதிகமாக வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, ஒன்றரை மடங்குக்கு மேல். திரும்ப அளக்கச் சொன்னார். அளந்தாள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் அளந்தாள். அப்படியே எட்டு மாதம் போயிற்று. கடைசியில் அவரே தவறைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். எரிபொருள் எவ்வளவு போகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாய், அதற்குள் வாயுவின் ஓட்டத்தில் ஏறி இறங்கும் ஒரு சின்னக் குண்டு. குண்டின் நடுவுக்கு நேரே இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அவள் குண்டின் உச்சியைப் படிக்கிறாள், அதனால்தான் கணக்கு கோணலாகிறது என்றார். அவள் இல்லை என்றாள். அவர் ஆமாம் என்றார். ஆய்வுக் குழுவின் முன்னாலும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள் கோபத்தில் அவளிடம் ஏதோ கடுமையாகப் பேசினார். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மதியம் எல்லோருடைய ரெகார்டு நோட்டுகளும் அவர் மேஜைக்கு வரும், அந்த வாரத்துப் பக்கங்களின் அடியில் அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் அளவு அளவாகாது. நூற்றுப் பதினெட்டாம் பக்கமோ என்னவோ, கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தாள். அன்றைக்கு அவள் செய்த சோதனை மிக எளிது. ஒரே சுடர். மீட்டரைத் தொடவில்லை, எதையும் மாற்றவில்லை. முதலில் ஸ்டீல் ப்ரோபை வைத்து அளந்திருக்கிறாள், எழுபத்தொன்று. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் கண்ணாடி ப்ரோப், நூற்றுப் பதினேழு. திரும்ப ஸ்டீல், எழுபது. திரும்பக் கண்ணாடி, நூற்றுப் பதினாறு. இப்படிப் பத்து முறை மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். சுடர் ஒன்றே என்றால் மீட்டரில் குண்டின் உச்சியைப் படித்தால் என்ன, நடுவைப் படித்தால் என்ன? வித்தியாசம் குழாயில்தான் இருக்க முடியும். பழுக்கக் காய்ந்த ஸ்டீல் வழியிலேயே அந்த வாயுவைத் தின்றுவிடுகிறது. கருவிக்குப் போய்ச் சேருவது மிச்சம் மட்டும்தான்.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், இதைப் பற்றி உங்களிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும்." அதற்குக் கீழே பச்சை மையில் அவருடைய கையெழுத்து, தேதியோடு.

படிக்காமல் போட்டிருக்கிறார். அன்றைக்கு எத்தனை நோட்டு இருந்ததோ, எந்த வண்டியைப் பிடிக்க அவசரமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த ஐந்து நிமிடத்தை அவள் வாய் திறந்து கேட்டாளா, கேட்டும் அவர் தரவில்லையா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. பேராசிரியர் தரையில் உட்கார்ந்துவிட்டார், அப்புறம் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

காலி செய்வதைப் பத்து நாள் தள்ளிப்போட்டார். துறைத்தலைவர் முணுமுணுத்தார், கணினி இளைஞர் வாசலில் இரண்டு முறை எட்டிப்பார்த்தார். பேராசிரியர் தூசி தட்டிப் பர்னரைப் பற்றவைத்தார். அவளுடைய கண்ணாடி ப்ரோப் பஞ்சில் சுற்றிய மாதிரியே இழுப்பறையில் இருந்தது. அவள் செய்ததை வரி விடாமல் அப்படியே செய்தார். எழுபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு. கடைசி நாள் இன்னொன்றும் செய்தார். கடைசல் பட்டறையில் விழும் ஸ்டீல் சுருள் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடி ப்ரோபுக்குள் போட்டு அளந்தார். நூற்றுப் பதினெட்டு காட்டிய கருவி மளமளவென்று இறங்கி எழுபத்து நாலில் நின்றது. இருபத்தைந்து வருடமாகப் புத்தகத்தில் இருக்கும் கோடு தவறு. அது அவருக்கு வலித்தது. ஆனால் அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று என்பதை அவர் சார்பாகச் சொல்லிவிட வேண்டும்.

பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய் அவளுக்கு இனியாவது பட்டம் கொடுக்க வழி உண்டா என்று கேட்டார். பதிவு ரத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது, கோப்பே கழிவுக்குப் போய்விட்டது என்றார் எழுத்தர். பேராசிரியர் முக்கால் மணி நேரம் வாதாடினார். எழுத்தர் கடைசியில் "சரி விடுங்க சார்" என்று சாப்பிட எழுந்து போனார். வென்றாலும் பயனில்லாத வாதம் என்று ஒன்று உண்டு என்பதை அவர் அன்று முதல்முறையாகப் பார்த்தார்.

பிறகு ஆய்விதழுக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். தம்முடைய கோடு தவறு, ஏன் தவறு, அதை முதலில் கண்டவர் யார் என்று. அவள் பெயர் முதலில், தம் பெயர் அடியில். அனுப்ப அவள் கையெழுத்து வேண்டும். பழைய மாணவர்கள் நாலு பேரிடம் கேட்டு முகவரியைக் கண்டுபிடித்தார். பேருந்தில் இரண்டு மணி நேரம். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளாம்.

கிளம்பும் அன்று காலை மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள், "போறது அவளுக்காகவா, உங்களுக்காகவா?"

"இது என்ன கேள்வி? அவ பண்ணது சரின்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியட்டும். ஆனா நீங்க சொல்லிட்டு வந்துடுங்க. வாதாடாதீங்க."

"மன்னிப்புக் கேக்கப் போறேன். அதுல என்ன வாதாடறது?"

"உங்களால ஒரு கத்திரிக்காயைக்கூட வாதாடாம வாங்க முடியாது" என்றாள் அவள். அப்புறம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பாவம் அந்தப் பொண்ணு, அப்பவே முகம் வாடிப்போய்த்தான் வரும். நான்தான் கேட்டிருக்கணும்" என்றாள்.

அது சனிக்கிழமை, அவளுக்கு அரைநாள் வேலை. வீடு இரண்டாம் மாடியில். ஏறும் வழியில் ஒரு சைக்கிளும் காலி வாளிகளும் பாதிப் படியை அடைத்திருந்தன. கதவைத் திறந்தவளை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது. கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"சார். வாங்க சார். உள்ள வாங்க. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

சின்ன முன்னறை. மேஜைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, மடித்து வைத்த துணி, பூப்போட்ட மூடி போட்ட தண்ணீர் ஜாடி. நாற்காலியில் இருந்த துணியை அள்ளி உள்ளே போட்டுவிட்டு அவரை உட்காரவைத்தாள். தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் இயந்திரம் பொருத்தும் வேலையாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பதாகவும், பதினொரு வயதில் ஒரு பெண் இருப்பதாகவும், சனிக்கிழமையும் பள்ளி உண்டு, வண்டி நாலரைக்கு வரும் என்றும் சொன்னாள். அவர் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ரிப்போர்ட் செக்‌ஷன் சார். உள்ள அளந்து எழுதிக் குடுப்பாங்க. நான் அதைப் பாத்து டைப் பண்ணுவேன். அவ்ளோதான்."

"நீ அளக்கறதில்லையா?"

"இல்ல சார்" என்றாள்.

பேராசிரியர் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டார். "நீ அளந்தது சரிம்மா. நான்தான் தப்பு. இதைப் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னை மன்னிச்சுடு" என்று மட்டும் சொன்னார். சொன்னபோது குரல் உடைந்தது. மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போயிருப்பாள்.

அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பெரியவர் வயதாகிக் கலங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்தாள்போல, ஆறுதலாகப் பேசினாள்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது சார். நான்தான் மீட்டரைச் சரியாப் படிக்கல. நீங்க அப்பவே சொன்னீங்க."

"இல்லம்மா. ஒரே சுடர். நீ மீட்டரைத் தொடவே இல்ல. குண்டோட உச்சியைப் படிச்சாலும் ரெண்டு ப்ரோபுக்கும் அதே தப்புதானே வரணும்? ஒண்ணுக்கு எழுபது, இன்னொண்ணுக்கு நூத்திப் பதினேழு எப்படி வரும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கருவி சரியாக் காட்டுதான்னு பாக்க ஒரு சிலிண்டர் வச்சிருந்தோமே, அது பழசாயிருக்கும் சார்."

"ரெண்டுக்கும் ஒரே சிலிண்டர்தான். பழசானா ரெண்டும் சேந்துதான் கோணும்."

"கண்ணாடி ப்ரோப் கொஞ்சம் தடிமன். அது சுடரையே கலைச்சிருக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ப்ரோபை மேலயும் கீழயும் ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்திப் பாத்தேன், அளவு மாறல."

அவள் இப்போது நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல் பத்தியின்மேல் மெல்ல இறங்கியது. பேராசிரியருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்தது. கண்ணாடி ப்ரோபுக்குள் ஸ்டீல் சுருள் போட்டுப் பார்த்ததைச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு எழுபத்து நாலாக இறங்கியதைக் கையால் இறக்கிக் காட்டினார். அவளுக்கு வாய் லேசாகத் திறந்தது. பழைய லேபில் அவருடைய மேஜைக்கு முன்னால் நின்ற பெண்ணின் கண்கள் ஒரு கணம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தன.

"சுருளை வெளிய எடுத்ததும்?" என்று கேட்டாள்.

"திரும்ப நூத்திப் பதினேழு."

"அப்ப ஸ்டீல்தான்."

"ஸ்டீல்தான். நீதான் சரி. வேற வழியே இல்ல. சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்தொரு வருடம் வாதாடியதில் இதைப்போல நிறைவாக அவர் எதையும் வென்றதில்லை. திருத்தக் கடிதத்தை எடுத்து அவள் பெயர் முதலில் இருக்கும் இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் மூடி திறந்து பக்கத்தில் வைத்தார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வேகத்தில் போய்விட்டது. நோட்டை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"கோவத்துல ஏதோ சொன்னேன். என்னன்னு ஞாபகம் இல்லம்மா."

"உனக்கு அளக்கற கை இல்லன்னு சொன்னீங்க. எவ்வளவு படிச்சாலும் சிலருக்கு அது வராதுன்னு." அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "நான் அதை நம்பினேன் சார். நீங்க சொன்னா வேற யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"பொண்ணுக்கு மூணு வயசு இருக்கும்போது ஒரு நாள் காலைல காய்ச்சல். இவர் வெளியூர்ல. தெர்மாமீட்டர் வச்சேன். நூத்தி அஞ்சு. அவ்ளோ இருக்காதேன்னு உதறிட்டுத் திரும்ப வச்சேன். நூத்தி அஞ்சு. மூணாவது தடவையும் அதேதான். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, தப்பாத்தான் பாக்கறேன்னு நெனச்சேன். குழந்தை உடம்பு கொதிக்குது. கை சொல்லுது, கண்ணு சொல்லுது. நான் நம்பல. ஈரத்துணியைப் போட்டுட்டு, அவர் சாயங்காலம் வருவாரு, வந்து பாத்துச் சொல்லட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவர் வந்து வச்சுப் பாத்தாரு. நூத்தி அஞ்சு."

கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"மூளைக்காய்ச்சல் சார். உயிரைக் காப்பாத்திட்டாங்க. ரெண்டு காதும் போச்சு. காலைலயே கொண்டு வந்திருந்தா காது தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இவர் என்னை ஒரு வார்த்தை கேக்கல, இதுவரைக்கும் கேக்கல. நானே என்னைத் தேத்திக்கிட்டேன். எப்படித் தெரியுமா சார்? எனக்கு அளக்கத் தெரியாது, அவ்வளவு பெரிய படிப்பு படிச்சவரே பாத்துச் சொல்லிட்டாரு, தெரியாதவ என்ன பண்ணுவா, அப்படின்னு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். எட்டு வருஷமா அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பேராசிரியருக்குக் கொஞ்சமாவது தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். உன் தப்பு இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் அவளுடைய கைக்கு அளக்கத் தெரியும், கண்ணுக்குப் படிக்கத் தெரியும், அவள் பார்த்த எண் சரியான எண் என்று இவ்வளவு நேரமும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக அடைத்து நிரூபித்தவர் அவர்தான். அவள் தப்பிக்க நீட்டிய ஒவ்வொரு கையையும் அவர்தான் தட்டிவிட்டிருக்கிறார். அது தெரியாமல் செய்தார் என்பதால் அவள் பட்டது குறைந்துவிடாது.

மேஜையில் கிடந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். வாழ்க்கையில் வாதத்தை ஒருமுறைகூட விட்டுக்கொடுக்காத மனிதர், விட்டுக்கொடுப்பது எப்படி என்று தெரியாமல் தடுமாறினார்.

"நான் ஒண்ணு சொல்லலம்மா" என்றார். "எனக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்காங்க. போன வாரம் அளந்தப்ப மீட்டர்ல குண்டு எனக்குச் சரியாத் தெரியல. நான்தான் உச்சியைப் படிச்சிருப்பேன்னு இப்பத் தோணுது. அவசரப்பட்டு வந்துட்டேன். நீ சொல்ற மாதிரி அன்னைக்கு உன்கிட்டயும் அந்தத் தப்பு இருந்திருக்கலாம். என் அளவை நம்பாத."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவரை நம்பிவிட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பச்சையாகத் தெரிந்தது. நம்பிவிடுவாள் என்றே அவர் நினைத்தார். கடவுளே, நம்பிவிடட்டும் என்று முதல்முறையாக ஒரு பொய்க்காக வேண்டிக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். அவள் எழுந்து, ஆறிப்போன அவருடைய தேநீர்க் கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள். பள்ளி வண்டி தெருமுனையில்தான் நிற்கும், பெண்ணுக்குப் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது, அதனால் தினமும் அவளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும்.

"ஒரே சுடர்தானே சார்" என்றாள். "குண்டை எங்க படிச்சா என்ன?"